குழந்தைக்குக் குடிக்க விளக்கெண்ணெய் கேட்காதீங்க

மரச்செக்கு எண்ணெய் விற்க ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. சென்னை, பெங்களூரு, கோயமுத்தூர் என்று நூற்றுச்சொச்சம் வீடுகளுக்கு மாதாமாதம் கடலை எண்ணெய் போகிறது. எல்லாம் நல்ல மனுஷங்க, காசு பாக்கி வைக்காதவங்க. ஆனா மழை பிடிச்சு ஊரெல்லாம் காய்ச்சல் பரவிச்சுன்னா இவங்ககிட்ட இருந்து ஒரு போன் நிச்சயம் வரும். "அண்ணா, பையனுக்குக் காய்ச்சல் விட்டு நாலு நாளாச்சு, இன்னும் மோஷன் போகல. உங்ககிட்ட கலப்படம் இல்லாத விளக்கெண்ணெய் கிடைக்குமா? உள்ளுக்குக் கொடுக்கத்தான்."

கிடைக்கும். கடலைக் காட்டைச் சுற்றி வரப்போரமாக ஆமணக்கு நிற்கிறது. புழு வைக்கிற அந்துப்பூச்சி ஆமணக்கு இலையைத் தேடிப் போய் முட்டையிடும், கடலை தப்பிக்கும், அதற்காகப் போடுவது. வருஷத்துக்கு ஒரு மூட்டை கொட்டைமுத்து தேறும். (எங்க பக்கம் ஆமணக்கு விதைக்கு அதுதான் பேரு.) எண்ணெய் எடுத்த புண்ணாக்கை மாட்டுக்கு வைக்க மாட்டோம், அது விஷம். மண்ணுக்குத்தான் உரமாகப் போகும். எண்ணெய் விளக்குக்கும் குதிகால் வெடிப்புக்கும் ஆகும். குழந்தை வாயில் ஊற்ற என்று கேட்டால் தரமாட்டேன்.

"என்னண்ணா, நீங்களே இப்படிச் சொல்றீங்க? கிராமத்துல இதுதானே கொடுத்தாங்க?"

கொடுத்தாங்க. அதைப் பத்தித்தான் இன்னிக்கு எழுதப்போறேன். சண்டை போடற மாதிரி இருந்தா பொறுத்துக்கங்க.

விளக்கெண்ணெய் மலத்தை இளக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது இளக்கறது இல்லைங்க, விரட்டறது. குடலுக்குள் போய் ரிசினோலிக் அமிலமாகப் பிரிந்து, குடல் சுவரை உறுத்தி முறுக்க வைத்து, உடம்புத் தண்ணீரையும் உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. வளர்ந்த ஆளுக்கே அன்னிக்குப் பூரா கால் நடுங்கும். நாலைந்து நாள் காய்ச்சலில் கிடந்து, தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்காத 12 கிலோ உடம்பில் பிழிய என்ன இருக்கு? கைக்குழந்தை என்றால் இன்னும் மோசம். மூக்கைப் பிடித்துக்கொண்டு புகட்டும்போது கொஞ்சம் மூச்சுக்குழலில் இறங்கினால், தண்ணீர் மாதிரி இருமலில் வெளியே வந்துவிடாது, நுரையீரலில் தங்கிவிடும். எண்ணெயால் வருகிற நிமோனியா என்றே தனியாக ஒன்று மருத்துவத்தில் உண்டு.

எங்க ஆத்தா, அப்பாவைப் பெத்தவங்க, ஒன்பது பெத்து அஞ்சு வளர்த்தவங்க. போன நாலில் மூணு "பேதியில போச்சு" என்பார்கள். அந்த வருஷம் சோளம் காஞ்சு போச்சு என்று சொல்கிற அதே குரலில் சொல்வார்கள். அந்த மூணுக்கும் வைத்தியம் நடக்காமல் இல்லை. எண்ணெய் கொடுத்தார்கள், மாந்தம் என்று சூடு வைத்தார்கள், தாய்ப்பாலை நிறுத்தினார்கள், கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். மிச்சமிருந்த அஞ்சு பேர் வளர்ந்து கிழவர்களாகி, "எங்களுக்கெல்லாம் அந்தக் காலத்துல விளக்கெண்ணெய்தான், ஒண்ணும் ஆகலையே" என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்கள். செத்துப்போன மூணு பேரும் சாட்சி சொல்ல வரவில்லை. நகரத்தில் உட்கார்ந்துகொண்டு 'பாட்டி வைத்தியம்' என்று நீங்கள் பெருமூச்சு விடுவது அந்த அஞ்சு பேர் சொன்னதை மட்டும் கேட்டுத்தான்.

கிராமத்திடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. அது எண்ணெய் இல்லை, கவனிப்பு.

காலையில் கட்டுத்தரைக்குப் போகிறவன் முதலில் பார்ப்பது மாட்டு மூஞ்சியை அல்ல, சாணியை. சோளத்தட்டு தின்ற மாடு அடுக்கடுக்காக, கெட்டியாகப் போடும். மழை பெய்து பசும்புல் மேய்ந்தால் இளகிப் பரவும். ஆடு புழுக்கையை உதிரியாகப் போட்டால் சரி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக விழுந்தால் அன்றைக்கு அந்த ஆட்டைப் பட்டியிலேயே நிறுத்திப் பார்ப்போம். தீவனம் மாற்றினால் பழக ரெண்டு வாரம் ஆகும். நோவு வந்து எழுந்த மாட்டின் சாணி மறுநாளே பழைய சாணியாகிவிடாது. ஆகவில்லை என்று யாரும் மருந்து தேடி ஓடுவதும் இல்லை. மாடு அசை போடுதா, தண்ணி குடிக்குதா, சாணியில் சளி இருக்கா, ரத்தம் இருக்கா என்று பார்த்துக்கொண்டே இருப்போம்.

உங்க வீட்டுக் குழந்தை விஷயத்தில் இந்தக் கேள்விகளை நான் போனில் கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரிவதில்லை. டயப்பர் சுருட்டிக் கட்டிப் போட்டாச்சு, இல்லைன்னா ஃப்ளஷ் பண்ணியாச்சு. "எப்படிப் போனான் கண்ணு, கட்டியாவா, தண்ணியாவா?" என்றால் "சாப்பிட்டுட்டு இருக்கேண்ணா" என்கிறார்கள். இத்தனைக்கும் பிள்ளை நோயிலிருந்து எப்படித் தேறுகிறது என்று தினமும் ஒரு கடிதம் மாதிரி அது வந்துகொண்டிருக்கிறது. படிக்காமல் கிழித்துப் போட்டுவிட்டு, அப்புறம் மருந்து கேட்டால் எப்படி?

சரி, காய்ச்சலுக்குப் பிறகு போகாத கதையைப் பார்ப்போம். அஞ்சு நாள் காய்ச்சலில் பிள்ளை தின்றது என்ன? ரெண்டு வாய் கஞ்சி, அரை பிஸ்கட். உள்ளே போனதுதானே வெளியே வரும்? காய்ச்சல் சூட்டில் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பெருங்குடல் மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடும். அதனால் காய்ச்சல் விட்டு மூணு நாலு நாள் போகாமல் இருப்பது பல நேரம் வெறும் கணக்குதான். வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் இப்படித்தான், எல்லாம் காலியான குடல் திரும்ப நிறைய ரெண்டு மூணு நாள் எடுக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை, பிறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகி நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்தால், ஒரு வாரம்கூடப் போகாமல் இருக்கும். போகும்போது இளக்கமாகப் போனால் அதில் குற்றமே இல்லை. எத்தனை நாளாச்சு என்று விரல் விட்டு எண்ணுவதை விட்டுவிட்டு, வயிறு மெத்தென்று இருக்கா, காத்துப் பிரியுதா, விளையாடுதா, வரும்போது கட்டியா வலியோட வருதா என்று பாருங்க. தண்ணீர், பப்பாளி, கொய்யா, கீரை கடைஞ்ச சோறு. பாலையே சாப்பாடாக்காதீங்க. நோய்வாய்ப்பட்ட பிள்ளைக்குத் தெம்பு வரணும் என்று நாளைக்கு நாலு டம்ளர் பாலும் டப்பா மாவும் பிஸ்கட்டும் கொடுத்தால் மலம் களிமண் மாதிரி இறுகும்.

ஆனா கட்டியாக, அழுகையோடு போக ஆரம்பித்துவிட்டால், 'தானாச் சரியாகும்' என்று விடக்கூடாது. இங்கேதான் பெரிய விபரீதம் ஆரம்பிக்கிறது. எங்க குடும்பத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

என் தங்கச்சி மகள் பெங்களூரில் இருக்கிறாள். பையனுக்கு நாலு வயசு. ஜூன் மாதம் தொண்டை வலியோடு காய்ச்சல், ஒரு வாரம் படுத்துவிட்டான். தேறிய பிறகு அஞ்சு நாள் கழித்துப் போனான், கல்லு மாதிரி. ஆசனவாய் கிழிந்து ரெண்டு சொட்டு ரத்தம், ஊரைக் கூட்டுகிற அழுகை. அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். ஆனா பிள்ளை அதை மறக்கவில்லை. அடுத்த முறை முட்டும்போது பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். காலைப் பின்னி, முன்னங்காலில் நின்று, மூஞ்சி சிவக்கச் சிவக்க விறைத்துக்கொண்டான். "பாவம், முக்கறான், வர மாட்டேங்குது" என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு வாரம் கழித்து ஜட்டியில் கறை. முதலில் கொஞ்சம், அப்புறம் நாளைக்கு மூணு தடவை, நாலு தடவை, தண்ணியாக. மெடிக்கல் ஷாப்பில் பேதி நிற்க மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். விளையாட்டுப் பள்ளியில் "ட்ரெயினிங் ஆகாத பிள்ளையை அனுப்பாதீங்க" என்று எல்லார் முன்னாலும் பையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். தாங்க முடியாமல் ஒரு நாள் அடித்தும் விட்டாள். ஆடி நோம்பிக்கு வந்தபோது அவளே சொன்னாள்: "வேணும்னே பண்றான் மாமா. போய்ட்டு வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கறான்."

பையன் அப்போது களத்து மேட்டில் வைக்கோல் போருக்குப் பின்னால் விறைத்துக்கொண்டு நின்றான். ஒரு மாடு முக்கினால் முதுகு வளையும், பின்னங்கால் அகலும், வால் தூக்கும். முக்குகிற எந்த உயிரும் குனியத்தான் செய்யும். இவன் நிமிர்ந்து நின்றான், காலை ஒட்டி வைத்துக்கொண்டு. வெளியே தள்ளுகிறவன் நிற்கிற நிலை அல்ல அது, அடக்குகிறவனுடையது. "இவன் முக்கலை அம்மிணி, அடக்கறான்" என்றேன். மறுநாள் காலை டவுனில் ஒரு குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போனோம். அவர் பையனைப் படுக்கவைத்து, தொப்புளுக்குக் கீழே இடது பக்கம் என் தங்கச்சி மகளின் கையைப் பிடித்து வைத்து அழுத்தச் சொன்னார். உருண்டையாக, கெட்டியாக, எலுமிச்சம்பழம் சேர்த்து வைத்த மாதிரி. ஒரு மாதத்துச் சரக்கு.

அவர் சொன்னதை எங்க பாஷையில் சொல்கிறேன். மடையில் பெரிய மண்கட்டி அடைத்துக்கொண்டால் மேலே தண்ணீர் தேங்கும், கட்டியின் ஓரமாகக் கொஞ்சம் கசியும். கசிவதைப் பார்த்து "ஐயோ தண்ணி பாயுது" என்று மடையை இன்னும் இறுக்கி மூடுவானா ஒருத்தன்? பேதி நிற்கிற மாத்திரை கொடுத்தது அதுதான். மேலேயிருந்து விளக்கெண்ணெய் கொடுத்திருந்தால், அடைத்த மடையில் மோட்டாரை முழு வேகத்தில் போட்ட மாதிரி ஆகியிருக்கும், வயிறு முறுக்கிச் சுருண்டிருப்பான். அதோடு, கட்டி தங்கித் தங்கி மலக்குடல் அகன்று, பழைய ட்ரவுசர் எலாஸ்டிக் மாதிரி தொய்ந்து போகிறது. முட்டுகிற உணர்வே மங்கிவிடுகிறது. பையன் சொன்னது பொய் இல்லை. கசிவது அவனுக்குத் தெரியவே தெரியாது. தெரியாத ஒன்றுக்காகத்தான் அந்தப் பிள்ளை அடி வாங்கியிருக்கிறான், பள்ளியில் மூக்கைப் பொத்திக்கொண்ட பிள்ளைகளுக்கு நடுவில் நின்றிருக்கிறான்.

வைத்தியம் சாதாரணமானதுதான், ஆனா பொறுமை வேணும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர். அது குடலை உறுத்தாது, மலத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். முதல் சில நாள் அளவைக் கூட்டி அடைப்பை இறக்கினார், அப்புறம் குறைத்துத் தினமும். அளவை மருத்துவர்தான் எடை பார்த்துச் சொல்லணும். வயிறு சுத்தமானதும் நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பாம். தொய்ந்த குடல் பழையபடி இறுக மாதக்கணக்கில் ஆகும், அதுவரை வலியில்லாமல் போகணும், அப்போதுதான் பயம் தெளியும். சாப்பிட்டதும் குடல் தானாக ஒரு முறை அசையும், அந்த நேரம் பார்த்து அஞ்சு பத்து நிமிஷம் உட்கார வைக்கணும். வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்கினால் பிள்ளைக்கு அழுத்தம் கொடுக்க முடியாது, பாதத்துக்கு அடியில் ஒரு முக்காலி போடணும். (குந்தி உட்கார்ற பழக்கத்தை நாம் விட்டதில் நஷ்டம்தான். இந்த ஒரு இடத்தில் நம்ம கிராமத்துக்கு ஒரு மார்க் போட்டுக்கிறேன்.) போனால் பாராட்டணும், போகாவிட்டால் ஒன்றும் சொல்லக்கூடாது. அந்த 'ஒன்றும் சொல்லாமல் இருப்பது' என் தங்கச்சிக்குத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பையன் சரியாக ஏழு மாதம் ஆச்சு.

மருத்துவரிடம் போவதற்கு முந்தின நாள் ராத்திரி வீட்டில் வேறு ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. தொக்கம். சாப்பிட்டது தொண்டையிலோ வயிற்றிலோ சிக்கிக்கொண்டதாம், அதை எடுக்க ஒருத்தர் இருக்கிறாராம், வெள்ளி, செவ்வாய்தான் பார்ப்பாராம். வயிற்றைத் தடவி, குழாயை வைத்து உறிஞ்சி, கையில் ஒரு இறைச்சித் துண்டோ, பழுத்துப்போன சோற்றுருண்டையோ காட்டுவார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் தின்ற சோறு வயிற்றில் சோறாகவே இருக்குமா என்று பத்தாவது படித்தவன் கேட்க வேண்டிய கேள்வி. தொண்டையில் சிக்கியிருந்தால் பிள்ளை மூச்சு விட்டிருக்குமா? எங்க பக்கத்து ஊரில் இப்படி ஒரு வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை நிற்கிற கார்களைப் பார்த்தால் பாதி வேற மாவட்டத்து நம்பர், கொஞ்சம் கர்நாடகா. சாஃப்ட்வேர் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டே ஒருத்தர் வரிசையில் நின்றதைப் பார்த்தேன். கிராமத்தான் ஏமாறுவது இருக்கட்டும், அவனுக்குக் குழந்தை மருத்துவர் இருபது கிலோமீட்டர் தள்ளி. நடந்து போகிற தூரத்தில் நாலு மருத்துவர் இருக்கிற நீங்கள் இருநூறு கிலோமீட்டர் கார் ஓட்டிவந்து எங்க ஊரில் ஏமாறுவதை நான் என்னவென்று சொல்ல? குடலேத்தம் என்று சொல்லி எண்ணெய் தடவிப் பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கி உலுக்குவதும் இதே வகைதான். வயிற்றில் நிஜமாகவே குடல் சொருகியிருந்தால் அந்த நாலு மணி நேரத் தாமதம் குடலை அழுகவைத்துவிடும்.

இனி வயிறு போகிற கதை. ரோட்டா மாதிரி ஒரு வைரஸ் வந்து போனால் குடலின் உள்தோலில் இருக்கிற பொடிப்பொடி விரல்கள் உதிர்ந்துபோகின்றன. பாலில் இருக்கிற லாக்டோஸைச் செரிக்கிற சரக்கு அந்த விரல் நுனியில்தான் இருக்கிறது. அதனால் நோய் போன பிறகும் சில நாள், சில பிள்ளைகளுக்கு ரெண்டு மூணு வாரம்கூட, இளக்கமாகப் போகும். பால் குடித்ததும் நுரையோடு, புளிச்ச வாடையோடு பீச்சியடிக்கும், புட்டம் சிவந்துபோகும். தோல் திரும்ப முளைத்ததும் நின்றுவிடும். இப்படி இருந்தால் மாட்டுப் பாலைக் கொஞ்ச நாள் குறைத்துத் தயிராகக் கொடுக்கச் சொல்வார்கள். தாய்ப்பாலை மட்டும் எக்காரணத்துக்கும் நிறுத்தக்கூடாது. ஆன்டிபயாடிக் குடித்த பிள்ளைக்கும் மருந்து முடிகிற வரை, முடிந்து சில நாள் வரை வயிறு இளகும். அதை நிறுத்த இன்னொரு ஆன்டிபயாடிக் வாங்குவது, களைக்கொல்லி அடித்துக் காய்ந்த பயிருக்கு இன்னும் கொஞ்சம் களைக்கொல்லி அடிக்கிற கதை. மெடிக்கல் ஷாப் தம்பி கொடுப்பான், அவன் பிழைப்பு அது.

எனக்கு வருகிற கோபமெல்லாம் பட்டினி போடுவதில்தான். 'லங்கணம் பரம ஔஷதம்' என்று ஒரு வாசகத்தை வைத்துக்கொண்டு, வயிறு போகிற பிள்ளைக்குச் சோத்தை நிறுத்துவது. அந்த வாசகம் விருந்து தின்று வயிறு உப்பிய பெரிய மனுஷனுக்கு. உதிர்ந்த தோல் எதை வைத்து முளைக்கும்? சாப்பாட்டை வைத்துத்தான். கழிச்சல் கண்ட கன்னுக்குட்டிக்குப் பாலை நிறுத்துகிற வழக்கம் எங்களிடமும் இருந்தது, கன்று காய்ந்து செத்தது. கால்நடை மருத்துவர்கள் பாலையும் விடாதே, நடுநடுவே உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொடு என்று சொல்லி மாற்றினார்கள். கன்று விஷயத்தில் நாங்கள் கேட்டுக்கொண்டோம், ஏன்னா கன்று செத்தால் நஷ்டம் கணக்கில் தெரிகிறது. நம்ம சாப்பாட்டில் அதற்கு ஏற்றது எவ்வளவோ இருக்கிறது: உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, குழைந்த பருப்புச் சோறு, தயிர் சாதம், இட்லி, வாழைப்பழம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. தேறிய பிறகு ரெண்டு வாரத்துக்கு நாளைக்கு ஒரு வேளை கூடுதலாக.

உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சாதாரணமாக நினைக்காதீங்க. 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் பங்காவ் எல்லையில் வந்து குவிந்தபோது காலராவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள், நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலாநபிஸ் என்கிற வங்காளி, குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பைக் கரைத்து டிரம்மில் வைத்து, கூட இருந்த சொந்தக்காரர்களையே மொண்டு புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு மூணு நாலுக்கு இறங்கியது. 2022இல்தான் காலமானார், அதற்குப் பிறகு பத்ம விபூஷண் கொடுத்தார்கள். உங்களில் எத்தனை பேருக்கு இந்தப் பேர் தெரியும்?

அந்தப் பாக்கெட் துணை சுகாதார நிலையத்தில் சும்மா கிடைக்கிறது, மெடிக்கலில் டீக்காசு. ஆனா சும்மா கிடைப்பது உங்களுக்கு மருந்தாகத் தெரிவதில்லை. அட்டைப் பெட்டியில் ஆரஞ்சுப் பழம் போட்டு, ஓ.ஆர்.எஸ். என்று பேரில் எழுதிய சர்க்கரைத் தண்ணியை வாங்கிக் கொடுத்தீர்கள். சர்க்கரை அளவு மீறினால் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை இன்னும் கூட்டும். ஹைதராபாத்தில் சிவரஞ்சனி சந்தோஷ் என்கிற குழந்தை மருத்துவர் இதை எதிர்த்து வருஷக்கணக்கில் ஒத்தை ஆளாகப் போராடினார். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பானங்களின் பேரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்து வரக்கூடாது என்று உத்தரவு போட்டது. நிஜப் பாக்கெட் என்றால் 'உலக சுகாதார நிறுவன முறைப்படி' என்று போட்டிருக்கும். 1 லிட்டர் பாக்கெட்டை 1 லிட்டரில்தான் கரைக்கணும், பாதிப் பொடி பாதித் தண்ணி என்று கண்ணளவில் வேண்டாம், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் வேண்டாம். ஒவ்வொரு தடவை தண்ணியாகப் போன பிறகும், ரெண்டு வயசுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. கூடவே 14 நாள் ஜிங்க் மாத்திரை. போக்கு நின்றதும் ஜிங்க்கை நிறுத்திவிடுகிறார்கள். அது குடல் தேறுவதற்கும், அடுத்த ரெண்டு மூணு மாதத்தில் திரும்ப வராமல் இருப்பதற்கும் சேர்த்துக் கொடுப்பது. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் 6, 10, 14ஆவது வாரங்களில் அரசு தடுப்பூசித் திட்டத்திலேயே இருக்கிறது.

பொறுத்திருந்து பார் என்று இவ்வளவு சொன்ன நானே, பொறுக்கக்கூடாததையும் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் போனில் என்னைக் கேட்கிற விஷயமே அல்ல.

மலத்தில் ரத்தமும் சளியும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழி விழுந்திருக்கு, அழுதால் கண்ணீர் வரவில்லை, துவண்டு தூங்கிக்கொண்டே இருக்கு. வாந்தி பச்சையாக வருகிறது. வயிறு கல்லாக உப்பிக் காத்துகூடப் பிரியவில்லை. ரெண்டு வயசுக்கு உட்பட்ட குழந்தை காலை மடக்கி மடக்கி வீறிட்டு அழுது, நடுவில் ஓய்ந்து, மறுபடி வீறிட்டால், அதுவும் சிவப்பு ஜெல்லி மாதிரி போனால், குடல் சொருகல். அது சளி, வயிற்றுப்போக்கு வந்து போன பிறகும் வரும். மஞ்சள் காமாலையோடு மலம் சுண்ணாம்பு வெள்ளையாகப் போவது. பிறந்து ரெண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் தெளியாத குழந்தைக்கு அப்படி இருந்தால் ஒரு நாளும் தள்ளக்கூடாது. 14 நாளைத் தாண்டியும் நிற்காத போக்கு, எடை இறங்குவது.

கடைசியாக, கறுப்பு. இரும்புச்சத்து டானிக் குடித்தால் மலம் கறுக்கும், அது பரவாயில்லை. டானிக் எதுவும் கொடுக்காமல் தார் மாதிரி கறுப்பாக, ஒட்டுகிற மாதிரி போனால் உள்ளே ரத்தம் கசிகிறது. டெங்குவில் காய்ச்சல் விடுகிற அந்த ஒண்ணு ரெண்டு நாள்தான் ஆபத்தான நாள். "காய்ச்சல் விட்டுருச்சு, இனி கவலையில்லை" என்று நிம்மதியாகப் படுக்கிற ராத்திரி அது. அன்றைக்கு வயிற்றுவலி, விடாத வாந்தி, கறுப்பு மலம் இதில் எது வந்தாலும் காலையில் பார்த்துக்கலாம் என்று இருக்காதீங்க, 108க்குப் போன் பண்ணுங்க.